கறைபட்ட கையும் சுட்டும் விரலும்

கல்லாங் ஆற்றைக் கடந்து கிழக்கு நோக்கிச் செல்லும் கேலாங் சாலை, சிங்கப்பூரின் பழைய சாலைகளுள் ஒன்று. அதன் ஒரு மருங்கில் ஒற்றைப்படை எண்களும் மறு மருங்கில் இரட்டைப்படை எண்களும் தாங்கிய லோரோங்குகள் கிளைத்துச் செல்கின்றன. பள்ளிவாசலும் சீனர் கோயிலும் ஒரே சாலையில் நிற்கின்றன. கேலாங் ஈஸ்ட் பகுதியில் 1993 முதல் சிவன் கோயிலும் நிமிர்ந்து நிற்கின்றது. டுரியான் கடைகளில் இரவு நெடுநேரம் விளக்கெரிகின்றது. சாலை முடியுமிடத்தில் மலாய் மக்களின் பண்பாட்டு நிலைக்களனாகிய கேலாங் சிராய் விரிகின்றது. இன்று இவ்வழியே நடந்து செல்வோர், இங்கு ஒரு காலத்தில் மனிதக் குருதி சிந்தியது என்பதை எளிதில் நம்பார். ஆயினும் சிந்தியது. அயலவர் படை இவ்வட்டாரத்தில் சிந்திய குருதி ஒன்று. இந்நாட்டு மக்கள் தமக்குள் பகைத்துத் தாமே சிந்திய குருதி மற்றொன்று.

இவ்விரு நினைவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு வினா எழுகின்றது. தன் கையில் கறை படிந்த ஒரு நாடு, பிற நாட்டின் போரைக் கண்டித்து விரல் சுட்டலாமா? அவ்வாறு சுட்டும் தகுதி அதற்கு எங்கிருந்து வருகின்றது? உலக மன்றங்களில் இன்றும் கேட்கப்படும் வினா இது. ஒரு நாட்டின் கொடுமையை மற்றொரு நாடு எடுத்துரைத்தவுடன், “நீ செய்யாததா?” என்னும் எதிர்க்குரல் எழுகின்றது. அக்குரல் எழுந்ததும் பேச்சு அடங்கிவிடுகின்றது. மாண்டவர்களோ மறக்கப்படுகின்றனர். இந்த வினாவுக்கு விடை தேடத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரின் வரலாறே அதற்குப் போதிய சான்றுகளை வைத்திருக்கின்றது.

நீதி வழங்கியவர் யார்?

1942 ஆம் ஆண்டு பிப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ‘சியோனான்’ எனப் பெயர் மாற்றப்பட்ட இத்தீவில், சில நாட்களுக்குள்ளாகவே ‘சூக் சிங்’ எனப்படும் களையெடுப்பு தொடங்கியது. 18 முதல் 50 வயது வரையிலான சீன ஆடவர் சோதனை நிலையங்களில் வந்து கூடுமாறு ஆணையிடப்பட்டனர். கேலாங்கின் கிழக்கே உள்ள தெலோக் குராவ் பள்ளிக்கூடம் அத்தகைய நிலையங்களுள் ஒன்று. பிள்ளைகள் எழுத்துக் கற்ற இடத்தில், உயிர் பிழைப்போர் யார், மாள்வோர் யார் என்னும் பட்டியல் எழுதப்பட்டது. முத்திரை பெற்றவர் வீடு திரும்பினர். ஏனையோர் லாரிகளில் ஏற்றப்பட்டுச் சிக்லாப், சாங்கி முதலிய இடங்களில் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாண்டோர் 5,000 பேர் என்பது ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்ட கணக்கு. சீனச் சமூகமோ அதனினும் பன்மடங்கு கூறும். எக்கணக்கு மெய்யாயினும், 1962 இல் சிக்லாப் பகுதியில் தோண்டியெடுக்கப்பட்ட எலும்புகள் பொய் சொல்லவில்லை.

இக்கொடுமைக்கான வழக்கு 1947 மார்ச் 10 ஆம் நாள் விக்டோரியா நினைவு மண்டபத்தில் தொடங்கிற்று. ஏழு ஜப்பானிய அதிகாரிகள் குற்றக்கூண்டில் நின்றனர். ஏப்ரல் 2 ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கவாமுரா, ஓயிஷி ஆகிய இருவருக்குத் தூக்கு. ஏனைய ஐவருக்கு வாழ்நாள் சிறை. இத்திட்டத்தின் மூளை எனக் கருதப்படும் சுஜி மாசனோபு பிடிபடாமல் தப்பினார். பின்னர் 1952 இல் ஜப்பானிய நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். தம் மக்களைப் பறிகொடுத்த சீனக் குடும்பங்களுக்கு இத்தீர்ப்பு மனநிறைவு அளிக்கவில்லை என்பதில் வியப்பில்லை.

அன்று நீதி இருக்கையில் அமர்ந்திருந்தோர் பிரிட்டிஷார். அவர்களுடைய கைகள் தூயவையா? 1915 ஆம் ஆண்டு இதே சிங்கப்பூரில் கலகம் செய்த இந்தியச் சிப்பாய்களுள் 47 பேரை ஊட்ரம் சிறைச் சுவரின் வெளியே, மக்கள் காண, சுட்டுக் கொன்றவர்கள் அவர்கள். 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸ் ஜாலியன்வாலாபாக் திடலில், அரசாங்கக் கணக்கின்படியே 379 பேரைப் பலிகொண்டது அவர்களுடைய படை. 1943 இல் வங்கத்தில் ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மடிந்தபோது ஆட்சி நடத்தியவர்களும் அவர்களே. இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. சூக் சிங் தீர்ப்பு வந்து இரண்டாண்டு நிறைவதற்குள், 1948 டிசம்பர் 12 ஆம் நாள், சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஆயுதமற்ற 24 தோட்டப்புறச் சீனரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். அதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. பொது விசாரணை கோரி உறவினர் தொடுத்த வழக்கையும் 2015 நவம்பரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

ஆகவே, 1947 இன் தீர்ப்பு செல்லாதா? செல்லும். தெலோக் குராவிலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவர் மெய்யாகவே கொல்லப்பட்டனர். நீதிபதியின் குறை அந்த மெய்யைப் பொய்யாக்கிவிடாது. அதே வேளையில், ஜப்பானியரைத் தண்டித்ததால் பத்தாங் காலியின் கறை பிரிட்டிஷார் கையிலிருந்து நீங்கிவிடவும் இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்பதுதான் கடினம். உலகம் இவற்றுள் ஒன்றை மட்டும் ஏற்று மற்றொன்றைக் கைவிடவே விரும்புகின்றது.

தோக்கியோவில் ஓர் இந்தியர்

இந்தச் சிக்கலை நீதிமன்றத்திலேயே எழுப்பியவர் ஓர் இந்தியர். தோக்கியோவில் 1946 முதல் 1948 வரை நடைபெற்ற அனைத்துலகப் போர்க்குற்ற நடுவர் மன்றத்தில் பதினொரு நாடுகளின் நீதிபதிகள் அமர்ந்தனர். இந்தியாவின் சார்பில் அமர்ந்தவர், கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த இராதாபினோத் பால். குற்றம் சாட்டப்பட்ட தலைவர்கள் அனைவரும் விடுவிக்கப்பட வேண்டும் என அவர் தனியாக மறுப்புத் தீர்ப்பு எழுதினார். வென்றவர் தோற்றவரைத் தண்டிப்பது நீதியாகாது. போர் தொடுத்தல் குற்றமென்று முன்பே சட்டம் வகுக்கப்படவில்லை. ஆசியாவைக் கைப்பற்றி ஆண்ட மேலை நாடுகள் ஆக்கிரமிப்பைப் பற்றி நீதியுரைப்பது பொருந்தாது. அணுகுண்டு வீசியவர் எந்தக் கூண்டில் நிற்கிறார்? இவை அவர் தொடுத்த வாதங்களின் சாரம்.

அடிமை நாட்டில் பிறந்த ஒருவரின் நெஞ்சக் கொதிப்பு இவ்வாதங்களில் தெரிகின்றது. இவற்றில் உண்மையும் உண்டு. ஆனால் பாலின் தீர்ப்பில் மற்றொரு பகுதியும் உண்டு. ஜப்பானியப் படையினர் நான்கிங்கிலும் பிற இடங்களிலும் இழைத்த கொடுமைகளுக்குச் சான்று மிகுதியாக உள்ளது என்பதை அவர் மறுக்கவில்லை, ஏற்றுக்கொண்டார். அத்தலைவர்கள் அக்கொடுமைகளுக்கு ஆணையிட்டனர் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே அவருடைய முடிவு.

பின்னாளில் நடந்தது என்ன? அவருடைய தீர்ப்பின் முதற்பகுதி போற்றப்பட்டது. இரண்டாம் பகுதி மறைக்கப்பட்டது. தோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தில் 2005 இல் அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் குற்றமே செய்யவில்லை என வாதிடுவோர் இந்திய நீதிபதியின் பெயரைக் கேடயமாகப் பிடித்தனர். தீர்ப்பளிப்போரின் குற்றத்தைச் சுட்டிக்காட்டிய ஒரு நேர்மையான வாதம், குற்றவாளியைக் கழுவும் நீராகப் பயன்பட்டது. “நீ செய்யாததா?” என்னும் வினாவின் இடர் இதுதான். அவ்வினா உண்மையைத் தேடித் தொடங்கலாம். ஆயினும் பெரும்பாலும் உண்மையைப் புதைப்பதிலேயே முடிகின்றது.

கத்தே மேடையும் சயாம் காடும்

பிறர் குற்றம் கூறுவோர் தம் குற்றமும் காண வேண்டும் என்பது தமிழர் நன்கறிந்த அறம். அந்த அறத்தின்படி, சிங்கப்பூர்த் தமிழர் தம் சொந்த ஏட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம்.

1943 சூலை 4 ஆம் நாள் கத்தே கட்டடத்தில் நடைபெற்ற கூட்டத்தில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய சுதந்திரக் கழகத்தின் தலைமையை ஏற்றார். மறுநாள் பாடாங் திடலில் இந்திய தேசிய இராணுவம் அணிவகுத்தது. அதற்கும் மறுநாள் ஜப்பானியப் பிரதமர் தோஜோ அப்படையைப் பார்வையிட்டார். தோட்டத்தில் பால்வெட்டிய தமிழனும் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழனும் முதன்முறையாகத் தலைநிமிர்ந்து நின்ற காலம் அது. பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தனர். இளம் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினர். அவர்களுடைய ஈகத்தை எவரும் குறைத்துப் பேச இயலாது.

ஆனால் அதே மாதங்களில் சயாம் – பர்மா எல்லைக் காடுகளில் நடந்தது என்ன? 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதையை விரைந்து முடிக்கும்படி ஜப்பானியப் படை வதைத்துக்கொண்டிருந்தது. போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கு உழைத்தனர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் அவர்களைவிடப் பன்மடங்கு. அவர்களுள் மாண்டோர் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடப்படுகின்றது. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். கழிச்சலும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாக விழுங்கின. 1943 அக்டோபர் 17 ஆம் நாள் இருபுறமிருந்தும் வந்த தண்டவாளங்கள் இணைந்தன. அடுத்த நான்காம் நாள், அக்டோபர் 21 அன்று, கத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. இந்தியரின் விடுதலை முழங்கிய மேடைக்கும் இந்தியரின் பிணம் புதைந்த காட்டுக்கும் ஒரே காவலன். அவனை அந்த மேடை நட்பு நாடு என்றே அழைத்தது.

அந்தமானிலும் இவ்வாறே நேர்ந்தது. போஸ் 1943 டிசம்பர் இறுதியில் போர்ட் பிளேருக்குச் சென்று கொடியேற்றினார். ஒரு மாதம் கழிந்து, 1944 சனவரி 30 ஆம் நாள், ஒற்றர் எனப் பழி சுமத்தப்பட்ட 44 இந்தியரை ஜப்பானியர் ஹம்ஃப்ரிகஞ்சில் சுட்டுக் கொன்றனர். அவர்களுள் பலர் இந்திய சுதந்திரக் கழகத்தைச் சேர்ந்தவர்கள்.

இதனால் அப்படையில் சேர்ந்த எளிய மக்களைக் குற்றவாளிகள் என்று கூறுதல் அறமாகாது. ஓர் அடிமைத்தளையை அறுக்க மற்றொரு கொடியவனின் வாளைக் கடன் வாங்க நேர்ந்த கொடிய காலம் அது. ஆனால் கடன் வாங்கிய வாளில் யாருடைய குருதி படிந்திருந்தது என்பதைப் பின்வந்தோரும் கேட்கவில்லை. எஸ்பிளனேடில் 1945 இல் எழுப்பப்பட்டுப் பிரிட்டிஷாரால் தகர்க்கப்பட்ட இந்திய தேசிய இராணுவ நினைவுச் சின்னத்தின் இடத்தில், 1995 முதல் ஒரு நினைவுப் பலகை நிற்கின்றது. அது தகும். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாகப் பேணப்படுகின்றன. அதுவும் தகும். சயாம் காட்டில் மடிந்த தமிழ்த் தொழிலாளிக்கோ அத்தகைய பெயர் பொறித்த கல் இல்லை. வெள்ளையர் செய்த கொடுமையை உரக்கக் கூறிய தமிழ் மேடைகள், தம் நட்பு நாடு தம்மவர்க்கே செய்த கொடுமையைத் தாழ்ந்த குரலில்தான் கூறின. இதை ஒப்புக்கொள்வதால் நேதாஜியின் புகழ் குன்றிவிடாது. தமிழர் பேச்சின் தகுதி உயரும்.

கேலாங் சாலையின் பாடம்

இனி, மீண்டும் கேலாங்குக்கு வருதல் வேண்டும். 1964 சூலை 21 ஆம் நாள், நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலம் பாடாங் திடலிலிருந்து கேலாங் நோக்கிப் புறப்பட்டது. மாலையில் கல்லாங் எரிவாயுக் கூடத்தின் அருகே கைகலப்பு மூண்டது. யார் முதலில் கை ஓங்கினர் என்பதற்கு ஆளுக்கொரு விடை கூறினர். அன்றும் அடுத்த நாட்களிலும் 23 பேர் மாண்டனர். 454 பேர் காயமுற்றனர். செப்டம்பரில் கேலாங் சிராயில் ஒரு திரைஷா ஓட்டுநர் கொல்லப்பட்டதை அடுத்து மறுபடியும் கலவரம் வெடித்தது; மேலும் 13 உயிர்கள் போயின. ஜப்பானியனையும் வெள்ளையனையும் இதற்குப் பழிக்க இயலாது. அண்டை வீட்டார் அண்டை வீட்டாரைக் கொன்றனர்.

இந்தக் கறையை இந்நாடு எவ்வாறு கையாண்டது? மறைக்கவில்லை. மக்கள் மேற்கொள்ளும் உறுதிமொழி 1966 இல் எழுதப்பட்டபோது, இனம், மொழி, சமயம் ஆகிய வேறுபாடுகளுக்கு அப்பால் ஒன்றுபட வேண்டும் என்பது அதில் இடம்பெற்றது. அதனை வரைந்தவர் யாழ்ப்பாணத்தில் 1915 இல் பிறந்த தமிழரான சி. இராசரத்தினம். 1967 பிப்ரவரி 15 அன்று பீச் ரோட்டில் திறந்துவைக்கப்பட்ட போர்க்கால உயிர்நீத்த குடிமக்கள் நினைவுச் சின்னம், நான்கு இனத்தாருக்குமாக நான்கு தூண்களைக் கொண்டது. கலவரம் மூண்ட சூலை 21 பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாக நினைவுகூரப்படுகின்றது. வெற்றி பெற்ற நாளை விழாவாகக் கொண்டாடுதல் எல்லா நாட்டுக்கும் எளிது. தலைகுனிந்த நாளைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் எளிதன்று.

அந்த இராசரத்தினமே நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சராக உலக அரங்குகளில் பிற நாடுகளின் போர்களைப் பற்றிப் பேசினார். 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் படை நடத்தியபோது சிங்கப்பூர் அதனைக் கடுமையாக எதிர்த்தது. சிறிய நாட்டின் எல்லையைப் பெரிய நாடு மிதிக்கக் கூடாது என்பது அதன் வாதம். 1983 அக்டோபரில் அமெரிக்கா கிரெனடாவுக்குள் படை இறக்கிற்று. அமெரிக்கா சிங்கப்பூரின் நெருங்கிய நண்பன். ஆயினும் நவம்பர் 2 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் அச்செயலுக்கு வருத்தம் தெரிவித்துக் கண்டித்த தீர்மானம் 108 வாக்குகளால் நிறைவேறியபோது, சிங்கப்பூர் அத்தீர்மானத்தை ஆதரித்தே வாக்களித்தது. 2022 பிப்ரவரியில் உருசியா உக்ரேன்மீது படையெடுத்தபோது, நாடாளுமன்றத்தில் வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் அந்தக் கிரெனடா வாக்கையே சான்றாக எடுத்துக்காட்டினார். நண்பனுக்கும் அல்லாதவனுக்கும் ஒரே அளவுகோல் என்பதை மெய்ப்பிக்க, ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்கு முந்திய ஒரு வாக்கு உதவிற்று.

இங்கும் ஒரு கறையை மறைத்தலாகாது. வியட்நாமியப் படை நுழைந்தபோது கம்போடியாவில் வீழ்ந்தது பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் சாவுக்குக் காரணமான போல் பாட் ஆட்சி. வியட்நாமை எதிர்ப்பதற்காக, அக்கொலையாளிகளின் கூட்டம் ஐக்கிய நாடுகள் அவையில் தன் இருக்கையைக் காத்துக்கொள்ள ஆசியான் நாடுகள் துணைநின்றன. சிங்கப்பூரும் அதில் ஒன்று. 2019 இல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங் அக்காலத்தைக் குறிப்பிட்டு எழுதியபோது கம்போடியாவும் வியட்நாமும் சினந்தெழுந்தன. எல்லை மீறியதைப் பற்றிய சிங்கப்பூரின் கூற்று சரியே. மக்களைக் கொன்றவரிடமிருந்து விடுதலை பெற்றதாகக் கருதும் கம்போடியரின் வேதனையும் மெய்யே. முன்னதைப் பேசும்போது பின்னதைக் கேட்கும் செவியும் வேண்டும்.

தகுதி எங்கிருந்து வருகின்றது?

மேற்கண்டவற்றை ஒருங்கே நோக்கின் சில உண்மைகள் தெளிவாகும். குற்றமற்ற நாடே பேச வேண்டும் என்றால் உலகில் எந்நாடும் வாய் திறக்க இயலாது. அதனால் மகிழ்வோர் கொலையாளிகளே. பிறன் குற்றத்தைக் காட்டித் தன் குற்றத்தைக் கழுவுவதும் இயலாது. இரு குற்றங்களும் அவையவை இருந்த இடத்திலேயே இருக்கும். செய்த குற்றம் செய்தவரோடு நின்றுவிடுகின்றது. பேரப்பிள்ளைகளைக் கூண்டில் நிறுத்துவது முறையன்று. ஆனால் நினைவுகூரும் பொறுப்பு வழிவழியாக வருகின்றது. ஜப்பானியப் பிரதமர் முராயாமா 1994 இல் பீச் ரோட்டு நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைத்தபோது அவர் கொலைக் குற்றத்தைத் தம்மேல் சுமக்கவில்லை, பொறுப்பைச் சுமந்தார். மறு ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று தம் நாட்டின் ஆக்கிரமிப்புக்கு அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்தச் சொற்களுக்குப் பின் ஜப்பான் அமைதியைப் பற்றிப் பேசினால் ஆசியா செவி சாய்க்கும். அந்தச் சொற்களை விழுங்க முனையும்போதெல்லாம் அதன் பேச்சு வலுவிழக்கும்.

ஆகவே, பிற நாட்டின் போரைக் கண்டிக்கும் தகுதி தூய்மையால் வருவதன்று. தன் குற்றத்தைத் தன் பிள்ளைகளிடமே கூறும் துணிவாலும், நண்பனையும் பகைவனையும் ஒரே கோலால் அளக்கும் நேர்மையாலும் அது வருகின்றது. விரல் சுட்டும் கை கறைபட்டிருக்கலாம். அக்கறையை உறைக்குள் மறைத்துச் சுட்டினால் எவரும் நம்பார். வெளிச்சத்தில் காட்டிவிட்டுச் சுட்டினால், கேட்பவர் சினந்தாலும் மறுக்க இயலாது.

கேலாங் சாலையில் இன்று மாலைத் தொழுகைக்கு அழைக்கும் குரல் எழுகின்றது. கோயில்களில் ஊதுவத்திப் புகை சுருள்கின்றது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், இனம் பாராமல், ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்கின்றனர். தொலைக்காட்சியில் ஏதோ ஒரு நாட்டின் போரைக் கண்டு அவர்கள் வினாத் தொடுக்கும்போது, அந்நாட்டின் கொடுமையைப் பெரியோர் தயங்காது கூறட்டும். கூறிமுடித்தபின், 1964 இல் இதே சாலையில் நடந்ததையும், சயாம் காட்டில் பெயரின்றிப் புதைந்தவரையும், அவர்களைப் பற்றிப் பேசாதிருந்த மேடைகளையும் சேர்த்தே கூறட்டும். அவ்வாறு கேட்டு வளரும் பிள்ளைக்கு, நாளை உலக மன்றத்தில் எழுந்து பேசும் தகுதி தானாகவே வரும்.